அழுத்தம் குறைந்தது சரி, ஏன் குறைந்தது?

“இன்னா டாக்டர், எனக்கு எதுக்கு ஸ்கேனு? நான் இன்னா முழுகாமயா கீறேன்?”

மூலக்கொத்தளத்திலிருந்து வந்திருந்த எழுபத்தெட்டு வயது மூதாட்டி ஒருவர், அறுவை அரங்கின் முன்னறையில் படுத்தவாறே எங்களிடம் கேட்ட கேள்வி இது. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவருடைய இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, எலும்பைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு முன்பாக நாங்கள் அவருடைய மார்பின் மீதும் வயிற்றின் மேற்புறத்திலும் ஜெல்லைத் தடவியபோதுதான் இந்தக் கேள்வி எழுந்தது. அருகிலிருந்த செவிலியர் சிரித்தார். வலியையும் மறந்து ஆயாவும் சிரித்தார். ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எலும்பு முறிவுக்கு வந்தவருக்கு இதயத்தில் ஸ்கேன் எதற்கு? எங்களிடம் வரும் குடும்பத்தினர் பலரும் வாய்விட்டுக் கேட்காமல் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விதான் இது. பில் தொகையைக் கூட்டுவதற்கோ என்று ஐயுறுவோரும் உண்டு. அந்த ஐயத்தையும் நாங்கள் குறையாகக் கருதவில்லை. மருத்துவமனைகளில் பட்ட அனுபவமே மக்களை அப்படி நினைக்க வைத்திருக்கிறது. எங்கள் துறையில் இந்தச் சோதனைக்கெனத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. எங்கும் வாங்கக் கூடாது என்பதும் எங்கள் கருத்து. இரத்த அழுத்தம் பார்ப்பதற்குத் தனியாகக் காசு கேட்பார் உண்டா?

இரத்த அழுத்தத்திலிருந்தே தொடங்குவோம். 1896இல் இத்தாலியைச் சேர்ந்த ரீவா ரோச்சி என்னும் மருத்துவர், கையைச் சுற்றிக் கட்டிக் காற்றடைக்கும் பட்டையை உருவாக்கினார். ஐந்து ஆண்டுகள் கழித்து அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், பாவியா நகரத்துக்குச் சென்றபோது அதைக் கண்டு தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்கு இரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து அளந்து எழுதி வைக்கும் வழக்கம் அதன்பின் பரவியது. கருவி பெரிதும் மாறிவிட்டது. இன்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது தானே பெருத்து, தானே சுருங்கி, திரையில் எண்ணைக் காட்டுகிறது. எனினும் அது சொல்லும் செய்தி நூறாண்டுக்கு முன்பு சொன்னதே. அழுத்தம் எவ்வளவு என்று சொல்லும். ஏன் அவ்வளவு என்று சொல்லாது.

அந்த “ஏன்” முதியவர்களுக்கு உயிர்நிலையான கேள்வி. அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் வசிப்பவர் குழாயைத் திறக்கிறார். தண்ணீர் நூலாக வருகிறது. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இல்லாதிருக்கலாம். மோட்டார் பழுதாகியிருக்கலாம். கீழ்வீடுகளில் எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்துவிட்டிருக்கலாம். நடுவில் எங்கேனும் அடைப்பும் இருக்கலாம். குழாயடியில் நின்று பார்ப்பவருக்கு இந்த நான்கும் ஒன்றுபோலவே தோன்றும். தொட்டி காலியாக இருக்கும்போது மோட்டாரை மாற்றிப் பயனில்லை. மோட்டார் பழுதானபோது தொட்டியில் லாரி லாரியாகத் தண்ணீர் ஊற்றினால் தொட்டி வழியும்; மாடிக்கு ஒரு சொட்டும் ஏறாது.

உடலிலும் அவ்வாறே. இரத்த நாளங்களில் நீர் வற்றியிருந்தால் அழுத்தம் குறையும். இதயத் தசை தளர்ந்திருந்தால் குறையும். மயக்க மருந்து நாளங்களை அகலமாக்கிவிட்டாலும் குறையும். நுரையீரலுக்குச் செல்லும் நாளத்தில் இரத்தக்கட்டி அடைத்தாலும், வயது காரணமாக இதயத்தின் வாயில் வால்வு இறுகிப் போயிருந்தாலும் குறையும். முதலாவதற்குச் சலைன் மருந்து. இரண்டாவதற்கு அதே சலைன், அளவு மீறினால், நஞ்சு. மூன்றாவதற்கு நாளங்களை இறுக்கும் மருந்து வேண்டும்.

இளவயதினர் இத்தகைய சறுக்கலைத் தாங்கிக்கொள்வார்கள். அழுத்தம் சற்றே இறங்கியவுடன் அவர்களுடைய நரம்புகள் விழித்துக்கொண்டு இதயத்தை விரைவுபடுத்தும், நாளங்களைச் சுருக்கும். முதுமையில் அந்த விழிப்பு மந்தமாகிறது. நாளச் சுவர்கள் இறுகிவிடுகின்றன. இதயம் தளர்ந்து விரிய நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே அது நிரம்புவதற்குப் போதிய இரத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இவற்றோடு அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளும் சேர்கின்றன. முதுகில் செலுத்தும் மருந்தோ, முழு மயக்கம் தரும் மருந்தோ உள்ளே போன முதல் சில நிமிடங்களில் அழுத்தம் படியிறங்குவதில்லை, சரிகிறது.

சராசரித் தமனி அழுத்தம் 65 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே நெடுநேரம் நின்றால் இதயத் தசையும் சிறுநீரகமும் ஊறுபடும் வாய்ப்பு கூடுகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்தச் சராசரியை நீங்களே கணக்கிடலாம். மேல் அளவிலிருந்து கீழ் அளவைக் கழித்து, அதில் மூன்றில் ஒரு பங்கைக் கீழ் அளவோடு கூட்டினால் போதும். 120க்கு 80 என்றால் சராசரி 93. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டில் 160க்கு 90 என்றிருந்து பழகிய ஒருவருக்கு அறுவை அரங்கில் 100க்கு 60 என்று காட்டினால், பார்ப்போர் “நார்மல்தானே” என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 113இலிருந்து 73க்கு வந்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான சரிவு. உயர்ந்த அழுத்தத்துக்கே பழகிப்போன மூளைக்கு அது பற்றாக்குறை.

நாங்கள் பயிற்சியில் இருந்த காலத்தில் நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஊரிலன்று; வேறோர் ஊரில். சுமை தூக்கி வாழ்ந்த முதியவர் ஒருவர், குடலிறக்கம் அடைபட்டு நள்ளிரவில் வந்தார். உடனே அறுவை செய்தாக வேண்டிய நிலை. மயக்கம் கொடுத்த சில நிமிடங்களில் அழுத்தம் சரிந்தது. வாந்தியெடுத்து வந்தவர், ஆகவே நீர் வற்றியிருப்பார் என்று எண்ணினோம். எண்ணியதில் தவறில்லை. சலைன் ஏற்றினோம். சற்று ஏறி, மீண்டும் சரிந்தது. மீண்டும் ஏற்றினோம். ஏற்றிக்கொண்டே இருந்தோம். அவருடைய இதயம் முன்பே ஒருமுறை அடிபட்டுத் தளர்ந்த இதயம் என்பது, விடியற்காலையில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு அவர் மூச்சுத் திணறியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆறாம் நாள் அவர் இறந்துபோனார். அவருடைய மகன் கேட்டது இன்றும் நினைவிருக்கிறது: “பிரஷர் கொறஞ்சதுன்னு தண்ணி ஏத்துனீங்க. அப்புறம் அந்தத் தண்ணியாலயே மூச்சு முட்டுதுன்னீங்க. எது சார் சரி?” இரண்டுமே சரிதான் என்று சொல்ல எங்களுக்கு அன்று நா எழவில்லை. அந்த அரங்கில் ஸ்கேன் கருவி இல்லை. கருவி இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று எவராலும் உறுதி கூற இயலாது. ஆனால் இரண்டாவது பாட்டிலைத் தொங்கவிடுவதற்கு முன்பு நாங்கள் ஒருமுறை உள்ளே பார்த்திருப்போம்.

இனி, உள்ளே பார்ப்பது எப்படி என்பதைச் சொல்வோம். மூலக்கொத்தளத்து ஆயாவின் பேரன் எங்கள் வேலையை எளிதாக்கினார். எண்ணூர்ப் பக்கம் ஒப்பந்தப் பணியில் கொதிகலன் குழாய்களின் வெல்டிங்கைச் சோதிப்பவர் அவர். ஒப்புதல் கையெழுத்து வாங்கும்போது ஸ்கேனைப் பற்றி விளக்கினோம். “எங்க வேலைல வர்ற யூடி மாதிரியா சார்? ஜெல்லு தடவி, புரோப் வச்சி, கிராக் இருக்குதான்னு பாப்போமே?” என்றார். மாதிரி அன்று, அதுவேதான். 1953இல் சுவீடனின் லுண்ட் நகரத்தில் எட்லர் என்னும் இதய மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்னும் இயற்பியலாளரும், பக்கத்து நகரமான மால்மோவின் கப்பல் கட்டும் தளத்தில் உலோகப் பழுதைக் கண்டறிய வைத்திருந்த கருவியை இரவல் வாங்கித்தான் துடிக்கும் இதயத்திலிருந்து திரும்பும் எதிரொலியை முதன்முதலாகக் கண்டார்கள். அடுத்த இரண்டாண்டுகளில் ஸ்காட்லாந்தில் இயன் டொனால்டு என்னும் மகப்பேறு மருத்துவர், கொதிகலன் தொழிற்சாலை ஒன்றுக்குத் தாம் அறுத்தெடுத்த கட்டிகளைக் காரில் கொண்டுபோய், அங்கிருந்த வெல்டிங் சோதனைக் கருவியால் பார்த்தார். ஆக, மருத்துவத்துக்கு இந்தக் கருவி துறைமுகத்திலிருந்தும் கொதிகலனிலிருந்தும் வந்தது. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வேலை செய்யும் பலருக்கு இதன் இயக்கத்தை நாங்கள் கற்பிக்க வேண்டியதே இல்லை. காதுக்கு எட்டாத ஒலி உள்ளே போகிறது, பட்டுத் திரும்புகிறது, திரும்பியதைக் கொண்டு திரை படம் வரைகிறது. எக்ஸ்ரேயைப் போலக் கதிர்வீச்சு கிடையாது.

ஆயாவின் ஐயத்துக்கும் ஓர் அடிப்படை உண்டு. நம் நாட்டில் ஸ்கேன் அறை என்றாலே, கருவின் பாலினம் இங்கே கண்டறியப்படுவதில்லை என்ற பலகைதான் முதலில் கண்ணில் படுகிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் எங்கள் கையடக்கக் கருவியையும் விட்டுவைக்கவில்லை. அதையும் பதிவு செய்தாக வேண்டும். நினைத்த இடத்துக்கு எடுத்துச் செல்ல இயலாது. பெண் குழந்தைகளைக் காக்க வந்த சட்டம். அதற்காக நாங்கள் நிரப்பும் படிவங்களைப் பற்றி எங்களுக்குக் குறையில்லை.

புரோப்பை விலா எலும்புகள் கூடும் இடத்துக்குச் சற்றுக் கீழே வைத்தால், கல்லீரலை ஒட்டி, கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுசெல்லும் கீழ்ப்பெருஞ்சிரை தெரியும். அது தமனியைப்போல விறைப்பானதன்று, மெல்லிய சுவருடையது. உள்ளே இரத்தம் நிறைந்திருந்தால் உருண்டு நிற்கும். வற்றியிருந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் சுருங்கி, சில வேளை சுவரோடு சுவர் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து புரோப்பைச் சற்றுச் சாய்த்தால் இதயம். அது வலுவாகச் சுருங்குகிறதா, சோம்பித் துவள்கிறதா, உள்ளே ஒன்றுமின்றி வெறுங்கையைப் பிசைகிறதா என்பதைக் கண்ணாலேயே காணலாம். வாயில் வால்வு சுண்ணாம்பேறி வெளுத்திருந்தால் அதுவும் தெரியும். அத்தகையவருக்கு முதுகில் வழக்கமான அளவு மருந்து கொடுப்பது பேராபத்து. விலாக்களுக்கு இடையே வைத்தால் நுரையீரலில் நீர் சேரத் தொடங்கியிருப்பதும் தெரியும். பழகிய கைக்கு எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிட வேலை.

ஹாங்காங் மருத்துவர்கள் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எங்கள் துறையில் பலரையும் இந்தப் பக்கம் திருப்பியது. முழு மயக்கம் கொடுப்பதற்கு முன்பே கீழ்ப்பெருஞ்சிரையை அளந்தார்கள். மூச்சின்போது அது 43 சதவீதத்துக்கு மேல் சுருங்கியவர்களில் பெரும்பாலோருக்கு மயக்க மருந்துக்குப் பின் அழுத்தம் சரிந்தது. சரிவு வந்த பின் ஓடுவதற்குப் பதிலாக, வருமுன் அறிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது என்றாயிற்று.

ஆனால் கருவியைத் தெய்வமாக்கவும் நாங்கள் விரும்பவில்லை. அதன் பின்னர் வந்த ஆய்வுகள் அனைத்தும் ஒரே குரலில் பேசவில்லை. குறிப்பாக, முதுகில் மருந்து செலுத்தும் அறுவைகளில் சிரையின் சுருக்கத்தை மட்டும் கொண்டு சரிவை முன்கூட்டிச் சொல்வது சில ஆய்வுகளில் கைகொடுத்தது, சிலவற்றில் கைவிட்டது. உடல் பருமனானவர்களுக்கும் வயிறு உப்பியவர்களுக்கும் படம் தெளிவாக வராது. ஆழ்ந்து மூச்சு விடுபவரின் சிரை அதனாலேயே அதிகம் சுருங்கும். பார்ப்பவரின் கைத்திறன் குறைந்தால் படமும் பொய் சொல்லும். பயிலாத கையில் இருக்கும் ஸ்கேன், ஸ்கேன் இல்லாததைவிடக் கேடானது. இல்லாத துணிச்சலைத் தந்துவிடும். ஆகவேதான் இளம் மருத்துவர்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் மூத்தவர் ஒருவர் பார்த்த பின்னரே முடிவெடுப்பது என்று வைத்திருக்கிறோம்.

அறுவை நடந்துகொண்டிருக்கும்போது பார்ப்பது இன்னும் கடினம். துணி போர்த்தியிருக்கும், அறுவை மருத்துவர்களின் கைகள் குறுக்கே இருக்கும். வயிற்று அறுவையில் விலாவுக்குக் கீழே இடமே கிடையாது. ஆனால் இடுப்பிலும் தொடையிலும் அறுவை நடக்கும்போது, துணிக்கு மேற்புறம் இருக்கும் மார்பை நாங்கள் எட்ட முடியும். அழுத்தம் இறங்கினால் மருந்து கொடுத்தபடியே ஒருவர் புரோப்பை எடுத்து வைக்கிறார். எலும்பினுள் கம்பியோ சிமெண்டோ செலுத்தும் நேரத்தில் கொழுப்புத் துகள்கள் இதயத்தின் வலப்பக்கத்தை அடைந்து திணறச் செய்வதுண்டு. அப்போது வலப்பக்கம் வீங்கித் தெரியும். முழு மயக்கத்தில் இருப்பவருக்கு உணவுக்குழாய் வழியே மெல்லிய புரோப்பைச் செலுத்தி இதயத்தை முதுகுப்புறத்திலிருந்து பார்க்கும் முறையும் உண்டு. இதய அறுவைகளில் அது நெடுங்கால வழக்கம். உணவுக்குழாயைக் காயப்படுத்தும் ஆபத்து, சிறிதாயினும், அதில் இருப்பதால் எல்லா அறுவைக்கும் அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

எங்கள் கருத்துக்கு எதிராக நிற்கும் செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல நாடுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. அறுவையின்போது சராசரி அழுத்தத்தை 80க்கு மேல் பிடித்து வைத்தவர்களுக்கும், 60க்கு மேல் இருந்தால் போதும் என்று விட்டவர்களுக்கும், மாரடைப்பு போன்ற பெருஞ்சிக்கல்களில் வேறுபாடு இல்லை. அப்படியாயின் அழுத்தத்தைத் துரத்துவது வீண் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். நாங்கள் அந்த முடிவை வேறுவிதமாகப் படிக்கிறோம். எல்லாருக்கும் ஒரே எண்ணை வைத்து அதைப் பிடித்துக்கொண்டிருப்பதால் பயனில்லை என்றுதான் அது காட்டுகிறது. காரணத்தைப் பார்த்து, அவரவருக்கு ஏற்றதைச் செய்தால் பயன் உண்டா என்பதை அந்த ஆய்வு கேட்கவே இல்லை. பிரான்சில் சுமார் 300 பேரைக் கொண்டு நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஒவ்வொருவரின் அழுத்தத்தையும் அவரவர் வழக்கமான அளவை ஒட்டியே காத்தபோது உறுப்புகள் பழுதாவது குறைந்திருந்தது. சிறிய ஆய்வு, அதைக் கொண்டு பெரிதாக முழங்க முடியாது. ஸ்கேன் பார்த்ததால் இத்தனை முதியவர்கள் பிழைத்தார்கள் என்று சொல்லும் பெரும் ஆய்வு இன்னும் எங்கள் கையில் இல்லை. ஆயினும், பார்க்க முடிகிற ஒன்றைப் பார்க்காமல் ஊகித்து மருந்து கொடுப்பதை எங்களால் இனி நியாயப்படுத்த இயலவில்லை. கண்புரை அறுவைக்கு வருவோருக்கு இது தேவையில்லை. இடுப்பெலும்பு முறிந்தும் குடல் அடைபட்டும் வரும் முதியவர்களுக்கு, மயக்கம் தொடங்குமுன் ஒருமுறை புரோப்பை வைத்துப் பார்ப்பது, கையில் பட்டை கட்டுவதைப் போல வழக்கமாக வேண்டும்.

இதைச் சாக்காக வைத்து அறுவையைத் தள்ளிப்போடுவதையும் நாங்கள் ஏற்கவில்லை. “எக்கோ ரிப்போர்ட் வரட்டும்” என்று முறிந்த எலும்போடு முதியவர்களை மூன்று நாள், நான்கு நாள் படுக்க வைப்பது நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது. அந்த நாட்களில் படுக்கைப் புண் வருகிறது, சளி கட்டுகிறது, கால் நாளங்களில் இரத்தம் உறைகிறது, மனம் குழம்புகிறது. முழு எக்கோ தேவைப்படுவோர் சிலர் உண்டு. பெரும்பாலோருக்கு, அரங்கின் வாயிலில் நாங்கள் ஐந்து நிமிடத்தில் பார்ப்பதே முடிவெடுக்கப் போதுமானது.

இனி ஆயாவிடம் வருவோம். அவருடைய கீழ்ப்பெருஞ்சிரை மூச்சுக்கு மூச்சு காணாமல் போய்க்கொண்டிருந்தது. இதயம் நன்றாகவே சுருங்கியது. ஆனால் உள்ளே போதிய இரத்தம் இல்லை. எப்போது கடைசியாகத் தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டோம். முந்தைய நாள் சாயங்காலம் ஒரு டீ, அவ்வளவுதான் என்றார். மருத்துவமனை விதித்த பட்டினி மட்டும் அதற்குக் காரணமன்று. சற்றே தாழ்ந்த குரலில் சொன்னார்: “தண்ணி குட்ச்சா ஒண்ணுக்கு வருமே. படுத்த எடத்துல பேன் வெக்கச் சொல்லி யாரைக் கூப்புட்றது? மருமவளைக் கூப்புட்டா நல்லாவா இருக்கும்?” விழுந்த நாளிலிருந்து அவர் வேண்டுமென்றே நாவை நனைப்பதோடு நிறுத்தியிருந்தார். இடுப்பெலும்பு முறிந்து படுத்த பெண்கள் பலர் இப்படிச் செய்கிறார்கள். கூச்சத்தால் வாய்திறப்பதில்லை. வார்டில் யாரும் கேட்பதுமில்லை; நாங்களும் அன்றுவரை கேட்டதில்லை. போதாததற்கு, அன்று காலையில் மகள் அக்கறையோடு பிரஷர் மாத்திரையையும் கொடுத்திருந்தார்.

சுற்றிக் கட்டிய பட்டை 140க்கு 80 என்று காட்டியது. அந்த எண்ணை மட்டும் நம்பி முதுகில் ஊசி போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். அரை லிட்டர் திரவத்தை மெல்ல ஏற்றினோம். மீண்டும் பார்த்தோம்; சிரை சற்று உருண்டிருந்தது. முதுகில் குறைந்த அளவு மருந்து. நாளத்தை இறுக்கும் மருந்தும் கூடவே சொட்டுச் சொட்டாக. அழுத்தம் இறங்கியது, ஆனால் சரியவில்லை. மூன்றாம் நாள் அவர் வாக்கரைப் பிடித்துக் கழிவறை வரை நடந்தார்.

அந்த அரை லிட்டரை அவர் வாய்வழியே குடித்திருக்கலாம் என்பதுதான் எங்களை உறுத்துகிறது. “ராத்திரி பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது” என்ற கட்டளை நம் வார்டுகளில் வேதவாக்காக இருக்கிறது. வழிகாட்டு நெறிகள் அதைக் கைவிட்டு நெடுங்காலமாகிறது. பெரும்பாலான பெரியவர்கள் அறுவைக்கு ஆறு மணி நேரம் முன்புவரை இலேசான உணவும், இரண்டு மணி நேரம் முன்புவரை தெளிந்த நீரும் எடுத்துக்கொள்ளலாம். குடல் அடைப்பு உள்ளவர்கள், இரைப்பை மெதுவாகக் காலியாகும் நீரிழிவு நோயாளிகள் போன்றோருக்கு இது பொருந்தாது. ஆகவே நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். ஆனால் பகல் இரண்டு மணிக்கு அறுவை என்றால் முந்தைய இரவிலிருந்தே ஒருவரைச் சென்னை வெயிலில் நாவறள வைப்பது மருத்துவமன்று, பழக்கம். நம் பக்கத்து ஸ்டான்லி மருத்துவமனையை மூத்தவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த மருத்துவமனை அது. நாம் இங்கே தண்ணீர்கூடக் கொடுக்காமல் கிடத்தியிருக்கிறோம்.

மாத்திரையின் கதை சற்றுச் சிக்கலானது. டெல்மிசார்டன், லோசார்டன், எனாலபிரில் போன்ற வகை மாத்திரைகளை அறுவைக்கு முன்பு தொடர்வதா நிறுத்துவதா என்று பிரான்சில் 2,200க்கும் மேற்பட்டோரிடம் பார்த்தார்கள். 2024இல் முடிவு வந்தது. அறுவைக்குப் பின் வரும் பெருஞ்சிக்கல்கள் இரு சாராருக்கும் ஒன்றே. ஆனால் தொடர்ந்தவர்களுக்கு அரங்கில் அழுத்தம் சரிவது கூடுதல். ஆகவே ஒருவருக்கு நிறுத்தச் சொல்வோம், மற்றொருவருக்குத் தொடரச் சொல்வோம். மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்றவற்றையோ திடீரென்று நிறுத்தவே கூடாது. அவர் என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார் என்பது எங்களுக்குத் தெரிந்தால் போதும், அதற்கேற்ப ஆயத்தமாவோம். சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று மறைத்துவிட்டால்தான் திண்டாட்டம். “வெள்ளை மாத்திரை, சின்னது” என்பதைக் கொண்டு எங்களால் ஒன்றும் செய்ய இயலாது. அட்டையோடு ஒரு கவரில் போட்டுக் கொண்டுவாருங்கள். வீட்டிலோ கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி சுகாதார நிலையத்திலோ எழுதி வைத்த பழைய பிரஷர் அளவுகள் இருந்தால், அந்தக் கசங்கிய சீட்டும் வேண்டும். அரங்கின் வாயிலில் பயத்தில் துடிக்கும்போது நாங்கள் எடுக்கும் அளவைவிட அதுவே அவருடைய உண்மையான அளவு.

எங்கள் பக்கம் இரண்டு மாற்றங்களைச் செய்திருக்கிறோம். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களை அன்றைய பட்டியலில் முதலில் எடுக்குமாறு அறுவை மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டோம், பெரும்பாலும் இசைந்திருக்கிறார்கள். குடிக்கலாம் என்று நாங்கள் எழுதிக்கொடுத்தவர்களுக்கு விடியற்காலையில் ஒரு குவளை தண்ணீர் கொடுக்கச் செவிலியர்களிடம் சொல்லியிருக்கிறோம். பட்டியல் தள்ளிப்போவது உண்டு. முந்தைய அறுவை நீளும், அவசர நோயாளி வருவார், பதினொரு மணி என்றது மூன்று மணியாகும். அப்போது வெளியே பெஞ்சில் காத்திருக்காமல் வார்டுக்குச் சென்று, “இன்னும் நேரமாகும் என்கிறார்களே, ஆயாவுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா?” என்று கேளுங்கள். செவிலியர் எங்களைத் தொலைபேசியில் அழைப்பார். அவர் மறந்தால் மீண்டும் கேளுங்கள். பெட்பேனுக்கு யாரைக் கூப்பிடுவது என்று அவர் கூசுகிறாரா என்பதையும், மகளோ பேத்தியோ அருகில் சென்று காதோடு கேட்டு எங்களுக்குச் சொல்லுங்கள்.